கையெழுத்து யாருடையது, ரகசியம் யாருடையது

2017 ஏப்ரலில் பதின்மூன்று நாள் இடைவெளியில் இரண்டு சட்டங்களுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. 7-ஆம் தேதி மனநலப் பாதுகாப்புச் சட்டம். 20-ஆம் தேதி எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். முதலாவது 2018 மே 29 அன்றும், மற்றது அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்றும் நடைமுறைக்கு வந்தன. இரண்டையும் நிறைவேற்றியது ஒரே நாடாளுமன்றம், கொண்டுவந்தது ஒரே சுகாதார அமைச்சகம். ஆனாலும் ஒன்று இருப்பதே மற்றொன்றுக்குத் தெரியாது என்பதுபோல் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. புத்தி தெளிவாக இல்லாத ஒருவருக்காக யார், எப்படி, எத்தனை நாளுக்கு முடிவெடுக்கலாம் என்பதை முதல் சட்டம் விரிவாகச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலும் மனநலச் சிகிச்சை என்ற எல்லையைத் தாண்டாது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதை இரண்டாவது சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. ஆனால் ஒப்புதல் தரும் நிலையில் இல்லாதவரைப் பற்றி ‘அவரது பிரதிநிதி’ என்று ஒற்றைச் சொல்லோடு கடந்துவிடுகிறது. பெங்களூர் ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் காய்ச்சலும் குழப்பமுமாகக் கொண்டுவரப்படுகிற ஒருவர், அல்லது கடும் மனச்சிதைவோடு சேர்க்கப்படுகிற ஒருவர், இந்த இரண்டு சட்டங்களும் சந்திக்கிற இடத்தில் படுத்திருக்கிறார். அந்த இடத்தில் சட்டம் மெலிந்திருக்கிறது. அவரது ரத்தத்தை எச்.ஐ.வி.க்காகச் சோதிக்கலாமா என்ற கேள்விக்கு மருத்துவமனைகள் பழக்கத்தை வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கூட வந்த உறவினரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது என்பதே அந்தப் பழக்கம்.

எச்.ஐ.வி. சட்டத்தின் 5-ஆம் பிரிவு தெளிவானது. ஒருவரது அல்லது அவரது பிரதிநிதியின், விவரம் அறிந்து தந்த ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது; பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தரவேண்டும். ஒப்புதல் தேவைப்படாத சந்தர்ப்பங்களை 6-ஆம் பிரிவு எண்ணி வைத்திருக்கிறது: நீதிமன்றம் உத்தரவிட்டால், உடல் உறுப்பு, திசு, விந்து போன்றவற்றைச் சிகிச்சைக்கோ ஆராய்ச்சிக்கோ பெறும்போது, பெயர் தெரியாமல் நடத்தும் நோய்க் கண்காணிப்பில், உரிமம் பெற்ற ரத்த வங்கியில். அவ்வளவுதான். நோயாளி நினைவிழந்திருக்கிறார் என்பதோ, மனம் பேதலித்திருக்கிறார் என்பதோ, ஊழியர் ஒருவருக்கு ஊசி குத்திவிட்டது என்பதோ இந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்குக் கற்பனை வறட்சி என்று சொல்லவும் முடியாது. பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த வீட்டில் பன்னிரண்டு வயது நிரம்பிய, பக்குவமுள்ள மூத்த பிள்ளை, தன் தம்பி தங்கைகளின் பள்ளிச் சேர்க்கைக்கும் சிகிச்சைக்கும் காப்பாளராகச் செயல்படலாம் என்று 32-ஆம் பிரிவில் யோசித்து எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர்கள், முடிவெடுக்க முடியாத பெரியவர் ஒருவருக்குப் பல உறவினர்கள் இருந்தால் யார் முதலில், யாருமே இல்லாவிட்டால் யார், இருவர் முரண்பட்டால் என்ன செய்வது என்று வரிசைப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள்.

ஒப்புதலில் ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்கள் இந்த நோய் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலா செல்லப்பனும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ரத்தம் எடுக்கப்பட்டது பாலியல் தொழிலில் இருந்து பிடித்துவரப்பட்டு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம். சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். எந்த நோய்க்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. அறிவியலுக்கு அது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியே போகமுடியாத, எதற்கும் மறுப்புச் சொல்லமுடியாத பெண்களின் கையிலிருந்துதான் இந்தியாவின் எச்.ஐ.வி. வரலாறு தொடங்கியது என்பதும் உண்மை. மூன்று ஆண்டுகள் கழித்துக் கோவாவில் டொமினிக் டிசோசா, ரத்ததானம் செய்தபோது கிடைத்த முடிவை வைத்துப் போலீசாரால் பிடிக்கப்பட்டுத் தனிமையில் அடைக்கப்பட்டார். பரிசோதனையின் முடிவு நோயாளிக்குத் தெரியும் முன்பே அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை நாடு பார்த்தது. பிற்காலத்தில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமான நாகோ வகுத்த கொள்கைகளும், கடைசியில் 2017 சட்டமும் ஒப்புதலை மையத்தில் வைத்ததற்கு இந்தப் பின்னணிதான் காரணம். மருத்துவமனைப் படுக்கையில் தன்னிலை இழந்து கிடப்பவரும் மறுப்புச் சொல்லமுடியாதவர் என்ற வகையில் காப்பகத்துப் பெண்களின் வரிசையில்தான் வருகிறார்.

மனநலச் சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்பதுதான் அதன் அடித்தளம். தேவையான தகவலைப் புரிந்துகொள்கிறாரா, தன் முடிவின் விளைவை உணர்கிறாரா, பேச்சாலோ சைகையாலோ அதைத் தெரிவிக்க முடிகிறதா என்று 4-ஆம் பிரிவு பார்க்கச் சொல்கிறது. பிறருக்குத் தவறாகத் தோன்றுகிற முடிவை எடுத்தார் என்பது திறனின்மைக்குச் சான்றாகாது என்றும் சேர்க்கிறது. 14-ஆம் பிரிவு நியமனப் பிரதிநிதிகளை வரிசைப்படுத்துகிறது: நோயாளி முன்கூட்டியே எழுதிவைத்த நபர், பிறகு உறவினர், பிறகு பராமரிப்பவர், பிறகு மனநல மறுஆய்வு வாரியம் நியமிக்கிறவர், எவரும் இல்லாவிட்டால் சமூக நலத்துறை இயக்குநர். 89-ஆம் பிரிவின் கீழ் ஒருவரைச் சேர்த்தால் இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பார்த்திருக்கவேண்டும். ஏழு நாளுக்கு ஒருமுறை அவருடைய திறனை மறுபடி மதிப்பிடவேண்டும். பெண் என்றால் மூன்று நாளுக்குள், ஆண் என்றால் ஏழு நாளுக்குள் வாரியத்துக்கு அறிக்கை போகவேண்டும். இத்தனை காப்புகளும் மனநலச் சிகிச்சைக்கு மட்டும். அதே மனிதரின் கையிலிருந்து எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது இவற்றில் ஒன்றும் தானாகப் பொருந்துவதில்லை. நியமனப் பிரதிநிதியையே எச்.ஐ.வி. சட்டத்தின் ‘பிரதிநிதி’ என்று மருத்துவமனைகள் எடுத்துக்கொள்கின்றன. வசதியான வாசிப்பு, ஆனால் எந்தச் சட்டமும் அப்படி எழுதிவைக்கவில்லை. அறிவுத்திறன் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையிலிருந்தே இந்தச் சட்டம் விலக்கிவிட்டதால், அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த அரைக்காப்பும் கிடையாது. விபத்தில் தலையில் அடிபட்டு நரம்பு அறுவை வார்டில் கிடப்பவருக்கும் அப்படியே.

இந்த இடைவெளியில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் வழிகாட்டக்கூடியவை. இரண்டும் எச்.ஐ.வி. பற்றியவை அல்ல. 2008 ஜனவரியில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு, சோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த அவருடைய தாயிடம் கேட்டுவிட்டு அகற்றியதைப் பற்றியது. அந்தப் பெண் வயதுவந்தவர், தற்காலிகமாகத்தான் நினைவிழந்திருந்தார், காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆகவே தாயின் சம்மதம் சம்மதமே அல்ல என்றது நீதிமன்றம். சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்றும் சொன்னது. 2009 ஆகஸ்டில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் எழுதிய தீர்ப்பு, சண்டிகர் அரசு விடுதியில் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்ற, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்ணைப் பற்றியது. கருவைக் கலைக்க அரசு விரும்பியது. அந்தப் பெண் பெற்றுக்கொள்ள விரும்பினார். காப்பாளர் என்ற முறையில் அரசு அவரது விருப்பத்தை மீற முடியாது என்று தீர்ப்பானது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு வரி கிடைக்கிறது. திறனின்மை தற்காலிகமானது என்றால் அவசரம் இல்லாத முடிவு உறவினருக்குக் கைமாறுவதில்லை, காத்திருக்கிறது. நீண்ட நாளைய குறைபாடு என்றாலும் அந்த மனிதரின் குரல் இல்லாமல் போய்விடுவதில்லை. இரண்டாவது தீர்ப்பு கருக்கலைப்புச் சட்டத்தின் தனி வாசகத்தைச் சார்ந்தது என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதன் தர்க்கம் அந்தச் சட்டத்தோடு நின்றுவிடுவதல்ல.

காத்திருக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி என்றால், அதற்குப் பதில் மருத்துவத்தில் இருக்கிறது. 1989 முதல் 1996 வரை பெங்களூரில் பார்த்த எச்.ஐ.வி. நோயாளிகளின் நரம்பு மண்டலக் கோளாறுகளைத் தொகுத்து பி. சதீஷ்சந்திராவும் நிம்ஹான்ஸ் சகாக்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே முன்னால் நின்றவை கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாலும் காசநோயாலும் வரும் மூளையுறை அழற்சிகள். இவற்றோடு வருகிறவர் பேச்சில் தடுமாறுவார், நாளும் இடமும் தெரியாமல் இருப்பார். ஒப்புதல் கேட்கவே முடியாது. உடனே எச்.ஐ.வி. சோதனை செய்யாவிட்டால் செத்துப்போவார் என்றுதான் பொதுவாக வாதிடுகிறார்கள். ஆனால் கிரிப்டோகாக்கஸைக் காட்டிக்கொடுப்பது முதுகுத்தண்டு நீர். அதில் பூஞ்சையோ அதன் ஆன்டிஜெனோ தெரிந்தால் ஆம்போடெரிசின் தொடங்கவேண்டும், அதற்கு எச்.ஐ.வி. முடிவு தேவையில்லை. இன்னும் சொன்னால், இந்த அழற்சி இருக்கும்போது எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை உடனே தொடங்குவது உயிருக்கே ஆபத்து. நான்கு முதல் ஆறு வாரம் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். அந்த வாரங்களில் பலருக்குத் தெளிவு திரும்பிவிடுகிறது. மாறாக, ஸ்கேனில் மூளைக்குள் வளையம்போல் ஒரு புண் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். காசநோய்க் கட்டியா, நாடாப்புழுவின் இளம்புழுக் கட்டியா, டாக்சோபிளாஸ்மாவா என்பதில் எச்.ஐ.வி. நிலை சிகிச்சையையே திருப்பிவிடும். இங்கே சோதனையைத் தள்ளிப்போடுவது நோயாளிக்குச் செய்கிற கெடுதல். கடும் மனச்சிதைவோடு சேர்ந்தவருக்கோ, பெரும்பாலும், எச்.ஐ.வி. முடிவு இந்த வாரமே தெரியவேண்டிய அவசியம் இல்லை. ஆக, ‘பயனுள்ள சோதனை’ என்பதும் ‘இப்போதே வேண்டிய சோதனை’ என்பதும் வெவ்வேறு. மனநலச் சட்டம் வைத்திருக்கிற ஏழு நாள் கணக்கை இதற்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்: அடுத்த மறுமதிப்பீடு வரை சோதனை காத்திருந்தால் சிகிச்சையில் எது கெடும் என்று கேஸ் ஷீட்டில் மருத்துவரால் ஒரு வரி எழுத முடியவேண்டும். எழுத முடியவில்லை என்றால் சோதனை காத்திருக்கட்டும். உயிருக்கோ மீளமுடியாத உடல்நலக் கேட்டுக்கோ ஆபத்து என்ற நிலையில், மனநலச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு எந்த மருத்துவச் சிகிச்சையையும், பிரதிநிதி கிடைத்தால் அவரது ஒப்புதலோடு, 72 மணி நேரம் வரை அனுமதிக்கிறது. மனநோய் உள்ளவருக்கு, சிகிச்சையைத் தீர்மானிக்கிற சோதனையையும் அதற்குள் அடக்கிப் படிப்பது நியாயமே. வழக்கமான ரத்தப் பரிசோதனைப் பட்டியலை அதற்குள் நுழைப்பது நியாயமல்ல.

இனி அந்தப் பிரதிநிதி யார் என்று பார்க்கவேண்டும். நம் ஊரில் நோயாளி என்பவர் தனி மனிதர் அல்ல, குடும்பத்தோடு வருகிறவர். குடும்பமே சாப்பாடு கொண்டுவருகிறது, மருந்து வாங்குகிறது, இரவில் வராந்தாவில் படுத்துக்கிடக்கிறது. அதை மதிக்காத எந்த விதியும் இங்கே நிற்காது. ஆனால் எச்.ஐ.வி. பாலுறவோடு தொடர்புள்ள நோய் என்பதால், குடும்பத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பது சாதாரண விஷயமில்லை. நிம்ஹான்ஸின் மனநல மருத்துவர் பிரபா சந்திராவும் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் கேரியும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனநலப் பிரிவில் சேர்ந்த 146 பெண்களிடம் பாலியல் வற்புறுத்தல் பற்றிக் கேட்டது. மூன்றில் ஒருவர் அத்தகைய அனுபவத்தைச் சொன்னார். வற்புறுத்தியவர் என்று அதிகம் சுட்டிக்காட்டப்பட்டவர் கணவர். நண்பர்களும், மாமன், சித்தப்பா வகை உறவினர்களும் அடுத்தடுத்து வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஆய்வை எச்.ஐ.வி. சட்டத்தின் ‘பிரதிநிதி’யோடு சேர்த்துப் படித்தால் நிலைமை விளங்கும். தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஒப்புதல் தருபவரே தொற்றைக் கொடுத்தவராக இருக்கலாம். முடிவைக் கேட்டு முதலில் ஆத்திரப்படுபவரும் அவராகவே இருக்கலாம். பரவக்கூடிய பால்வினை நோய் இந்துத் திருமணச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் விவாகரத்துக்குக் காரணம். மனநோயும் அதே பிரிவில் காரணம். மனைவியின் படுக்கை அருகே கையெழுத்துப் போடுகிற கணவனின் கையில் ஒரே நாளில் இரண்டு காரணங்களையும் கொடுத்தனுப்புகிறோம். கணவர்கள் எல்லோரும் அப்படி என்று இதற்குப் பொருளில்லை. எவர் அப்படி, எவர் அப்படியில்லை என்று டூட்டி டாக்டருக்குத் தெரியாது. விதிகள் அந்தத் தெரியாமைக்காகத்தான் இருக்கவேண்டும்.

இந்தக் காரணத்தால்தான், நடைமுறையில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிற இரண்டு விஷயங்களைப் பிரிக்கவேண்டும் என்று வாதிடுகிறேன். ஊசி குத்துவதற்குச் சம்மதம் தருவது ஒன்று. முடிவு யாருக்குச் சொந்தம் என்பது வேறொன்று. பிரதிநிதி முதலாவதைத் தரலாம். அதைத் தந்ததாலேயே இரண்டாவது அவர் கைக்குப் போய்விடக் கூடாது. இப்போதைய பழக்கம் நேர்மாறு: கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு முடிவைச் சொல்கிறார்கள், அவர் மூலம் வீடே அறிகிறது, தெளிவு திரும்பிய நோயாளிதான் கடைசியாகத் தெரிந்துகொள்கிறார். எச்.ஐ.வி. சட்டத்தின் 8-ஆம் பிரிவு வெளிப்படுத்தலுக்கும் நோயாளியின் அல்லது அவரது பிரதிநிதியின் ஒப்புதலை ஏற்கிறது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, வெளிப்படுத்துவதற்கு எழுத்தில் தனி ஒப்புதல் கேட்கிறது. சோதனைக்கான கையெழுத்தோடு அது தானாக வந்துவிடாது. சோதனைக்குப் பிந்தைய ஆலோசனையைச் சோதிக்கப்பட்டவருக்கோ பிரதிநிதிக்கோ தரலாம் என்று 5-ஆம் பிரிவு சொல்வதால், சில நாளிலோ சில வாரத்திலோ தெளிவடையப்போகிறவரின் ஆலோசனையை அவருக்காகவே எடுத்துவைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. சிகிச்சை தருகிற மருத்துவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள 8-ஆம் பிரிவே வழிவிட்டிருக்கிறது. ஆக, நோயாளிக்குத் தேவையான மருந்து நிற்காது. அவரது ரகசியமும் அவர் வரும்வரை அவருக்காகக் காத்திருக்கும்.

உடனே எழுகிற மறுப்பு: முடிவு தெரியாத பிரதிநிதி எப்படிச் சிகிச்சைக்கு ஒப்புதல் தருவார்? எச்.ஐ.வி. உள்ளவருக்கு எந்தச் சிகிச்சைக்கும் ஒப்புதல் வேண்டும் என்பது அதே 5-ஆம் பிரிவு. விவரம் சொல்லாமல் வாங்குவது ஒப்புதல் ஆகாதே. வலுவான மறுப்புதான். இதற்கு ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது. தெளிவு திரும்பும் என்று எதிர்பார்க்கப்படுகிறவருக்கு, இடைப்பட்ட காலத்தில் தேவைப்படுவது பெரும்பாலும் பூஞ்சைக்கோ காசநோய்க்கோ ஆன மருந்து. அந்த நோயைச் சொல்லி அதற்கு ஒப்புதல் பெறலாம், ஏமாற்றும் இல்லை. ஏ.ஆர்.டி. என்பது ஆயுள் முழுதும் தொடரவேண்டிய மருந்து. அதை அவரே அறிந்து தொடங்குவதுதான் பிற்பாடு ஒழுங்காகச் சாப்பிடுவதற்கும் நல்லது. முற்றிய மறதி நோய், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு, எழமுடியாத மூளைக் காயம் போன்றவற்றில் திறன் திரும்பாது. அங்கே மறைத்துவைப்பது அபத்தம். தினமும் மாத்திரை கொடுக்கப்போகிறவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். தெரிந்துகொள்கிறவர் பெயர் குறிக்கப்பட்ட ஒருவராக, ஆலோசகர் தனியே உட்காரவைத்துப் பேசியவராக இருக்கட்டும். வார்டு வாசலில் நிற்கிற பத்துப் பேரும் பிரதிநிதிகள் அல்லர்.

வாழ்க்கைத்துணையின் பாதுகாப்பைச் சொல்லி எழுப்பப்படும் மறுப்பு இன்னும் சங்கடமானது. நோயாளியின் மனைவிக்கோ கணவருக்கோ தொற்று அபாயம் இருக்கிறது. ரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தால் அவர் பலியாவாரே. எச்.ஐ.வி. சட்டத்தின் 9-ஆம் பிரிவு துணைக்குத் தெரிவிக்க வழி வைத்திருக்கிறது. மருத்துவர் அல்லது ஆலோசகர், துணைக்குக் கணிசமான அபாயம் இருப்பதாக நியாயமாக நம்பவேண்டும். நோயாளியிடமே சொல்லச் சொல்லி ஆலோசனை தந்திருக்கவேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதிப்படவேண்டும். தான் சொல்லப்போவதை முன்கூட்டியே நோயாளிக்குத் தெரிவிக்கவேண்டும். வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாவார் என்ற அச்சம் இருந்தால், குறிப்பாக நோயாளி பெண்ணாக இருந்தால், சொல்லக் கூடாது. இந்தப் படிகள் ஒவ்வொன்றும் தன்னினைவுள்ள நோயாளியை வைத்துக் கட்டப்பட்டவை. திறனிழந்தவரிடம் முதல் படியிலேயே தடுக்கும். ஆனால் யதார்த்தத்தில், மருத்துவமனையில் சேர்ந்து படுத்திருக்கும் நாட்களில் துணைக்குப் புதிய அபாயம் ஏற்படுவதில்லை. வீடு திரும்பும் நாள்தான் கெடு. அதற்குள் தெளிவு வந்துவிட்டால் 9-ஆம் பிரிவின் படியில் ஏறலாம். வராவிட்டால் அவர் நீண்டகாலத் திறனின்மை என்ற வகைக்குள் வந்துவிடுகிறார். துணை தன் ரத்தத்தைத் தானே சோதித்துக்கொள்ளும்படி ஆலோசகர் அழைக்க எந்தத் தடையும் இல்லை.

ஊழியர் பாதுகாப்பை முன்வைக்கிற வாதத்தில் நீண்டநேரம் நிற்கவேண்டியதில்லை. சுயநினைவற்ற நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி செவிலியரின் விரலில் குத்திவிட்டது. நோயாளியைச் சோதித்தால் செவிலியர் நிம்மதி அடைவார். அந்தப் பயம் நிஜம். ஆனால் தொற்றுள்ளவரின் ஊசி குத்தினாலும் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்கவேண்டும், நோயாளியின் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே வழிகாட்டுதல். முடிவு ‘இல்லை’ என்று வந்தாலும் தொற்றின் ஆரம்பக் காலத்தில் அது ஏமாற்றக்கூடும். இங்கிலாந்தில் 2005-இன் மனத்திறன் சட்டம் நோயாளியின் நலனை மட்டுமே அளவுகோலாக வைத்திருப்பதால், ஊழியருக்காக மட்டும் நினைவிழந்தவரைச் சோதிப்பது அங்கே முறைகேடு என்றே கொள்ளப்படுகிறது. நம் 6-ஆம் பிரிவிலும் அதற்கு இடமில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி என்று ஒரே சீட்டில் எழுதி, சேர்க்கைப் படிவத்தின் பொதுச் சம்மதத்தை அதற்கும் கணக்கில் வைத்துக்கொள்கிற வழக்கம் பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில் பரவலாக இருக்கிறது. தெளிவாக இருப்பவர்களுக்கே அது சட்டத்துக்குப் புறம்பு. தெளிவில்லாதவர்களுக்கு அவர்களது மருமகன் போட்ட கையெழுத்தை வைத்து நடத்துவதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நேராகச் சொல்பவர்கள் குறைவு. எச்.ஐ.வி. இன்று சர்க்கரை நோய் போலக் கட்டுப்படுத்தக்கூடியது, மருந்து இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் பிறருக்குப் பரவாத நிலைக்குக்கூட வரலாம்; பிறகு எதற்கு இந்தத் தனி மரியாதை, மற்ற ரத்தப் பரிசோதனைகளைப் போல் செய்துவிட்டுப் போகலாமே என்பது. மருத்துவம் மாறியது உண்மை. நாகோவின் 2021 மதிப்பீட்டில் இந்தியாவில் தொற்றோடு வாழ்கிறவர்கள் சுமார் 24 லட்சம். கர்நாடகம் சுமார் 2.7 லட்சத்துடன் மகாராஷ்டிரத்துக்கும் ஆந்திரத்துக்கும் அடுத்த இடத்தில் இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் நலமாக வாழக் காரணம் சோதனையும் மருந்தும் எளிதாகியதுதான். ஆனால் வீட்டு வாடகை, திருமணம், வேலை, சொத்துப் பங்கு ஆகியவற்றில் இந்த நோய் சர்க்கரை நோயாகிவிடவில்லை. ஆகியிருந்தால், வேலையிலும் வாடகையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்திருக்காது. மனநோயாளி என்ற பெயரை ஏற்கெனவே சுமப்பவருக்கு இரண்டாவது பெயரின் எடை இன்னும் கூடுதல். களங்கம் தேயும்போது விதி தளரலாம். களங்கத்தைத் தாங்கமுடியாதவர்களிடமிருந்து அந்தத் தளர்வைத் தொடங்குவது முறையல்ல.

உறவினரே இல்லாதவர்களின் நிலை வேறு. தெருவில் திரிகிற மனநோயாளிகளைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல மனநலச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு கடமை வைத்திருக்கிறது. பெயர் தெரியாமல் ‘அன்னோன்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படும் இவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பாளரே சிகிச்சையாளராகவும் பிரதிநிதியாகவும் ஆகிவிடுகிற நிலை உண்டு. கேட்பவரும் சம்மதிப்பவரும் ஒருவரே என்றால் அங்கே சம்மதம் எங்கிருக்கிறது? மனநலச் சிகிச்சைக்கு இந்தச் சிக்கல் தீர்ந்திருக்கிறது, மறுஆய்வு வாரியம் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அதே வாரியத்தை நடுவராக வைப்பது எளிய வழி. இரண்டு உறவினர்கள் முரண்பட்டாலும், கையெழுத்துப் போடுகிறவர் மீதே சந்தேகம் இருந்தாலும் அங்கேயே போகலாம். தாமதமாகும் என்பவர்களுக்கு: எச்.ஐ.வி. சட்டம் மாநிலங்களில் குறைதீர் அதிகாரிகளை வைத்து, தொற்றுள்ளவரின் மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிடச் சொல்கிறது. அவசரத்தில் முடிவெடுக்கும் அமைப்பை நம் சட்டங்களால் கற்பனை செய்ய முடிகிறது.

திறன் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே ஒரு பிசகு நடக்கக்கூடும். பெங்களூர்த் தமிழர்களுக்கு அது அந்நியமல்ல. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கன்னடத்தில் சரளமாக இருப்பார்கள். அவர்களின் பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் முழுதாக வரும், காய்ச்சலில் அதுவும் பாதிதான் வரும். கன்னடத்திலோ இந்தியிலோ கேட்ட கேள்விக்கு அவர் விழித்தால் அது திறனின்மையா, மொழியின்மையா? அந்த மனிதருக்குப் புரிகிற மொழியிலும் முறையிலும் தகவல் தரப்படவேண்டும் என்று எச்.ஐ.வி. சட்டத்தின் வரையறையே சொல்கிறது. ஆகவே திறன் இல்லை என்று எழுதுவதற்கு முன், எந்த மொழியில், யார் மூலம் கேட்டோம் என்ற வரியும் கேஸ் ஷீட்டில் இருக்கவேண்டும். மொழிபெயர்க்கக் கூப்பிடுவது பிரதிநிதியாகக் கையெழுத்துப் போடுகிற அதே உறவினரை அல்ல.

இதற்கெல்லாம் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. ஒப்புதலும் ஆலோசனையும் வழிகாட்டுதலில் குறிப்பிடும் முறையில் நடக்கவேண்டும் என்று எச்.ஐ.வி. சட்டத்தின் 5-ஆம் பிரிவு முறையை வழிகாட்டுதலுக்கு விட்டிருக்கிறது. காத்திருந்தால் எது கெடும் என்ற வரி, மருத்துவர் இருவரின் கையெழுத்து, சோதனைக்கு ஒன்றும் வெளிப்படுத்தலுக்கு ஒன்றுமாக இரண்டு தனி ஒப்புதல்கள், தெளிவு திரும்பும் வரை முடிவை யாரிடம் வைத்திருப்பது என்ற குறிப்பு ஆகியவை கொண்ட ஒரு பக்கப் படிவத்தை நாகோவே வெளியிடலாம். கர்நாடக எய்ட்ஸ் தடுப்புச் சங்கம் அதைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருதில் அச்சிடலாம். வேலைப்பளுவைச் சொல்லி மறுப்பவர்கள் 89-ஆம் பிரிவுச் சேர்க்கைக்கு ஏற்கெனவே இதைவிட அதிகமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நோய் விட்டு விட்டு வரும் மனநோயாளிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. மனநலச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் அறிவுறுத்தலில், எனக்குத் தெளிவில்லாத நேரத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாமா, செய்தால் யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று அவர்கள் எழுதலாம். அந்த அறிவுறுத்தல் மனநலச் சிகிச்சைக்கானது, எச்.ஐ.வி. சோதனையை அது கட்டுப்படுத்தாது என்று மருத்துவமனை வாதிடக்கூடும். இருந்தாலும், பிரதிநிதியின் கையெழுத்துக்கு எதிரே நோயாளி தன் நல்ல நேரத்தில் போட்ட கையெழுத்து ஒன்று கோப்பில் கிடந்தால், எதைப் பின்பற்றினோம், ஏன் என்று பின்னால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.